வெற்றிலைக்குத் தண்ணீர்

“இரஞ்சிதம் பெரியபிள்ளையானதும் பள்ளிக்கூடத்தால நிப்பாட்டி, தம்பிஐயாவுக்குக் கட்டிக் குடுக்கிறது. பேசி முடிச்சாச்சு” என்றார் தகப்பன் குழந்தைவேலு.

தம்பிஐயா கண்டியில் கடை வைத்திருப்பவர். தாரமிழந்தவர். அவருடைய மகளே இரஞ்சிதத்தைவிட மூத்தவள்.

தாய் மீனாம்பிகை காலைப் பிடித்து அழுது பார்த்தாள். அவர் அசையவில்லை.

ஒருநாள் விடிந்ததும் அவள் மண்வெட்டியோடு வீட்டுக்குப் பின்னால் கோடிப்புறம் போனாள். புளியமர நிழலில் இருண்டு கிடந்த வளவு அது.

“உதுக்குள்ள புல்லும் முளையாது. உனக்கென்ன விசரே?” என்று சிரித்தாள் குழந்தைவேலுவின் அக்கா ஆச்சிமுத்து.

“வெத்திலைக்கு நிழல்தான் வேணும், மச்சாள்.”

“வெத்திலையோ? மாதத் துடக்கோட ஒருத்தி கிட்டப் போனாலும் கொடி கருகிப்போம், தெரியுமெல்லே?”

“ஓம். அதுதான் கொடி நட்டாப்பிறகு நான் கிட்டப் போகமாட்டன். சின்னப்பிள்ளை, இரஞ்சிதம் தண்ணி ஊத்தட்டும்.”

இரஞ்சிதம் ஒருநாளும் தவறாமல் ஊற்றினாள். கொடிகள் கொப்பெல்லாம் படர்ந்தன. வருஷம் ஒன்று போயிற்று. கண்டியிலிருந்து ஆள்மேல் ஆள் வந்தது.

“அக்கா, பெட்டை இன்னும் ஆகேல்லையோ? தாய்க்காரி ஒளிக்கிறாளோ?” என்று ஆச்சிமுத்துவிடம் கேட்டார் குழந்தைவேலு.

“விசர்க்கதை கதையாதை, தம்பி. ஒவ்வொரு நாளும் கொடியடிக்குப் போறாள். ஒரு இலை வாடினதோ? அவள் இன்னும் குழந்தைதான்.”

“அப்ப படிக்கட்டும்” என்றார் குழந்தைவேலு.

மீனாம்பிகை கொடிகளின் மறைவுக்குப் போனாள். தோட்டம் கொத்துவதற்கு முதல்நாள்தான் இரஞ்சிதம் பெரியபிள்ளையாகியிருந்தாள். கொடி நட்ட நாள்தொட்டு மாதந்தோறும் செய்வதுபோலவே, மகளின் துடக்குச் சீலையை அலசி, அந்தத் தண்ணீரை வெற்றிலைக் கொடிகளின் அடியிலேயே ஊற்றினாள்.