எழுந்து இடம் கொடுக்க ஒரு குச்சி

பேச்சித்தாய் தொலைநோக்கியின் கண்ணாடியைத் துடைத்துவிட்டு, "இப்பிடிக் குனிஞ்சு பாருங்கம்மா, அந்தக் கருவேல மரத்துல நாரை அடை கெடக்கு" என்றாள். பார்வைக் கோபுரத்தில் ஏறிவந்திருந்த வெளியூர்ப் பெண் குனிந்தாள். குளம் இந்த வருடம் சீக்கிரமே வற்றிச் சேறாகிவிட்டதால் மற்ற நாரைகள் எல்லாம் போய்விட்டன. காட்டுவதற்கு மிஞ்சியிருந்தது இந்த ஒரு கூடுதான். அதில் உட்கார்ந்திருந்த பெண் நாரை செத்து ஐந்து நாளாகிறது. கழுத்து கிளைக் கவட்டையில் மாட்டியிருந்ததால் தலை சாயவில்லை. இது பேச்சித்தாய்க்கு மட்டும்தான் தெரியும். வனத்துறை ஆட்களிடம் சொன்னால் கோபுரத்தைப் பூட்டி அவளையும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஆண் நாரை ஒரு குச்சியோடு வந்து இறங்கியது. குச்சியைக் கொடுத்தால் அடை இருப்பது எழுந்துகொள்ள வேண்டும், வந்தது உட்கார வேண்டும். அவற்றின் முறை அது. ஆண் குச்சியை முன்னால் வைத்துவிட்டுக் காத்து நின்றது. பிறகு, வைத்த விதம்தான் தப்போ என்பதுபோல, அதையே எடுத்து மறுபடி வைத்தது. "ஐயோ, எவ்வளவு பாசம் பாருங்க!" என்று அந்தப் பெண் கணவனைக் கூப்பிட்டாள். "எப்போ குஞ்சு பொரிக்கும்?"

"இன்னும் பத்து நாளு ஆவும்மா."

ஆண் நாரை அடுத்த குச்சிக்குப் பறந்துபோனது. அவர்கள் இறங்கியதும் பேச்சித்தாய் குனிந்து பார்த்தாள். குச்சிகள் செத்ததன் கழுத்துவரை ஏறியிருந்தன. படியில் அடுத்த கூட்டத்தின் பேச்சுச் சத்தம் கேட்டது. தலை மட்டும் தெரியும்படி தொலைநோக்கியை ஒரு விரல்கடை மேலே தூக்கிவைத்தாள்.