கருகிய பொயின்ற்

"அண்ணை, என்ரை நிண்டுபோச்சு" என்றார் மகேந்திரராசா.

அருமைராசா பார்க்காததுபோல் எட்டிப் பார்த்தார். உண்மைதான். மகேந்திரராசாவின் மேசையில் மோட்டார் சுற்றிக்கொண்டுதான் இருந்தது, பொறியைக் காணவில்லை. அருமைராசாவின் மேசையிலோ நீலப்பொறி ஒரு குறையுமில்லாமல் அடித்துக்கொண்டிருந்தது.

மொன்றியல் துறைமுகத்துக்குக் கிட்ட, நூறு வயதுக் கார்களைத் திருத்தும் பட்டறை அது. அந்தக் கார்களின் எஞ்சினில் பொறி பிறக்க, இரண்டு சின்ன உலோக முனைகள் ஓயாமல் தொட்டுத் தொட்டு விலக வேண்டும். அதைத்தான் பொயின்ற் என்பார்கள். சில கார்களுக்கு அது எந்தக் கடையிலும் கிடைக்காது, கையால் செய்துதான் போட வேண்டும். பட்டறையில் அதைச் செய்கிறவர்கள் இரண்டு பேர். இனி ஒருவர் போதும் என்று முதலாளி பிரெஞ்சில் மிக மரியாதையாகச் சொல்லிவிட்டார். ஆளுக்கொன்று செய்து இரவு பகலாக ஓடவிட வேண்டும். யாருடையது முதலில் பழுதாகி நிற்கிறதோ அவர் வீட்டுக்குப் போகலாம்.

வீட்டுக்கு என்பது ஒரு பேச்சுக்கு. அருமைராசாவுக்கு அது துறைமுகத்துக் களஞ்சியம். அங்கே பெட்டி தூக்கித்தான் அவருடைய முதுகு போனது. திரும்பவும் போனால் ஆளே போய்விடுவார் என்று டொக்டர் சொல்லவில்லை, ஆனால் முகத்தை அப்படித்தான் வைத்துக்கொண்டார்.

"கழட்டிக் கொண்டாரும் பாப்பம்."

மகேந்திரராசா கொண்டுவந்தார். முனைகள் இரண்டும் அடிப்பிடித்த சட்டிபோலக் கறுத்திருந்தன. அருமைராசா மூக்கருகே வைத்து மணந்தார்.

"எண்ணெய் பட்டிருக்கு, மகேன்."

"எண்ணெயோ? நான் ஸ்பிரிற் போட்டுத் துடைச்சுத்தானே பூட்டினனான்."

"கையிலை இருந்திருக்கும். பொயின்ற்றிலை எண்ணெய் பட்டால் கருகித்தானே போகும். உமக்குத் தெரியாததே?"

"தெரியும் அண்ணை. அதுதான் எனக்கு விளங்கேல்லை."

அதற்குமேல் மகேந்திரராசா வாதாடவில்லை. வாதாடியிருந்தால் அருமைராசாவுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். மனிதரைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. அதற்குள்ளே ஒரு சந்தோசமும் இருந்தது, அதை மறைக்கத்தான் கஷ்டப்பட்டார்.

முதலாளி வந்து இரண்டு பேருக்கும் கைகொடுத்தார். ஒருவருக்கு 'பிராவோ' என்று பாராட்டு, மற்றவருக்கு 'மெர்சி' என்று நன்றி. யாருக்கு எது என்று யாரும் கேட்கவில்லை.

"இனி என்ன செய்யப் போறீர்?" என்றார் அருமைராசா.

"களஞ்சியத்திலை ஆள் எடுக்கினமாம். போய்க் கேட்டுப் பாப்பம்." மகேந்திரராசா தன் சாவிகளையும் குறடுகளையும் பையில் போட்டார். "நீங்கள் யோசியாதேங்கோ அண்ணை. நல்லகாலம், உங்களுக்கு வராமல் எனக்கு வந்தது."

பார்க் எக்ஸ்டென்ஷனில் மூன்றாம் மாடியிலிருந்த தன் வீட்டுக்கு ஏறும்போது அருமைராசாவுக்கு முதுகு வலிக்கவே இல்லை. வெற்றி நல்ல மருந்துதான்.

"றோஸ்மேரி! நிண்டது மகேன்ரை. என்ரை இன்னும் ஓடுது!"

அவருடைய மனைவி றோஸ்மேரி அப்போதுதான் பட்டறைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தாள். பின்னேரங்களில் பட்டறை பூட்டிய பிறகு அதைக் கூட்டித் துடைப்பது அவள்தான். கைப்பையைக் கீழே வைத்துச் சிலுவை போட்டாள். கண் கலங்கிவிட்டது.

"எனக்குத் தெரியும். சூசையப்பர் கைவிடமாட்டார்."

"இதுக்குள்ளை சூசையப்பர் எங்கை வந்தவர்? இது என்ரை கைவேலை. மகேன் எண்ணெய்க் கையோடை பூட்டியிருக்கிறான். நான் அப்பிடிச் செய்வனே?"

"கனக்கப் புழுகாதேங்கோ. உங்களுக்காக நான் நவநாள் செபம் வைச்சனான். நேர்த்தி முடியுமட்டும் சொல்லக்கூடாதெண்டு வாயைப் பொத்திக்கொண்டு இருந்தனான்."

அவள் கைப்பையிலிருந்து ஒரு சின்னப் போத்தலை எடுத்துக் காட்டினாள். மலையிலுள்ள சூசையப்பர் கோயிலில் வாங்கிய எண்ணெய். அந்தச் சுற்றுவட்டாரத்தில் முழங்கால் வலிக்கும், பிள்ளை வரத்துக்கும், விசாவுக்கும் தமிழர்கள் மதபேதமில்லாமல் பூசுகிற எண்ணெய் அது. போத்தலின் அடியில் சொட்டுத்தான் மிச்சமிருந்தது.

அருமைராசா சிரிப்பை நிறுத்தினார்.

"இதை எங்கை பூசினனீர்?"

"கூட்டப் போற நேரமெல்லாம், அந்தத் தொட்டுத் தொட்டு விலகுற இடத்திலை ஒரு சொட்டு. ஒரு அருள்நிறைந்த மரியே சொல்லித்தான் விட்டனான்."

"என்ரையிலையோ?"

"பின்னை ஆரின்ரையிலை? உங்கடை மேசை எனக்குத் தெரியாதே? சன்னல் பக்கத்து மேசை."

அருமைராசா போத்தலை வாங்கி மூக்கருகே வைத்து மணந்தார். பரிசோதனை தொடங்கிய அன்று காலை, "சன்னல் குளிர் உங்கடை முதுகுக்கு ஆகாது அண்ணை" என்று சொல்லித் தன் மேசையை அவருக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, அந்தச் சன்னல் பக்கத்துக்குப் போயிருந்தவர் மகேந்திரராசா.