கன்னி மூலை

மழைநீர்க் குட்டையை ஈசானி மூலையில்தான் வெட்ட வேண்டும் என்று பாவாத்தாள் ஒரே பிடியாக நின்றாள். தோட்டத்தின் வடகிழக்கு மேடு, தண்ணீர் ஓடுவது தென்மேற்குக்கு என்று கணவன் சென்னியப்பன் சொல்லிப் பார்த்தான். தென்மேற்கு கன்னி மூலை, அங்கே பள்ளம் விழுந்தால் குடும்பத் தலைவனுக்கு ஆகாது என்றார் வாஸ்து பார்க்க வந்தவர். போன தையில்தான் சென்னியப்பனுக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். ஈசானி மூலையிலேயே குட்டையை வெட்டினார்கள். வெட்டிய மண்ணையும் அவர் சொன்னபடியே கன்னி மூலையில் கொட்டி, இடுப்புயரத்துக்கு மேடாக்கினார்கள்.

மூன்று வருடமாக ஏமாற்றிய மழை ஒருநாள் காலையிலிருந்து கொட்டியது. விட்டதும் இருவரும் ஓடினார்கள். ஈசானிக் குட்டையில் தவளை நனையக்கூடத் தண்ணீரில்லை. தோட்டத்துத் தண்ணீரெல்லாம் ஓடிவந்து, அவர்கள் கொட்டிய மண்மேடே கரையாகி, கன்னி மூலையில் செக்கச்செவேலென்று தேங்கி நின்றது.

சென்னியப்பன் வேட்டியை மடித்துக் கட்டி உள்ளே இறங்கினான்.

“முழங்காலுக்கு மேல நிக்குது புள்ள!”

“ஏனுங்க, மொதல்ல மேல வாங்க.”

அவன் சிரித்தபடி இன்னொரு எட்டு வைத்தான். பாவாத்தாள் மண்வெட்டியோடு மேட்டில் ஏறினாள். ஓரிடத்தில் வெட்டிவிட்டால் போதும், அத்தனையும் வெளியே போய்விடும்.

“வெட்டிப்போடாத புள்ள. தென்னையெல்லாம் இதுலதான் பொழைக்கோணும்.”

அவள் மண்வெட்டியை ஓங்கினாள். அவன் வந்து, அவள் வெட்டப்போன இடத்தில் முதுகைச் சாய்த்து, நெஞ்சளவு தண்ணீரில் உட்கார்ந்துகொண்டான்.