இருபதாவது மனு

“ஏட்டி பியூலா, நாளைக்கு மனு நாள். லோக்கல் சேனல்ல நேரடியா காட்டுதான். இருபது மனு எழுதி வையி. கையெழுத்து ஒண்ணுபோல இருக்கப்படாது” என்றார் எம்.எல்.ஏ. சாம்சன். “நான் இன்னைக்கும் ஸ்ரீவில்லிபுத்தூர்லதான் தங்குதேன். கட்சி வேல.”

கணவர் வானொலியில் இருந்தபோது நேயர்கள் எழுதியதுபோலக் கடிதங்களை எழுதியவள் பியூலா. கவுன்சிலரானதும் பாராட்டுக் கடிதங்கள். இப்போது மனுக்கள். இதுதான் கடைசி என்று முடிவு செய்துகொண்டு உட்கார்ந்தாள்.

“கண்ணீர் வாரமாதிரி ஒண்ணு இருக்கட்டும்.”

“இருக்கும்.”

மறுநாள் ராஜபாளையம் மண்டபத்தில் சாம்சன் தேன்குரலில் மனுக்களை வாசித்ததை அவள் வீட்டு டிவியில் பார்த்தாள். தெருவிளக்கு, வாய்க்கால், முதியோர் பென்ஷன். எல்லாவற்றுக்கும் கைதட்டல்.

“கடைசியா, மம்சாபுரத்துச் சகோதரி ஒருத்தங்க எழுதுறாங்க. ‘என் வீட்டுக்காரர் பக்கத்து ஊரில் இன்னொருத்தியோடு குடும்பம் நடத்துகிறார். கேட்டால் கை நீட்டுகிறார்.’” குரல் தழுதழுக்க, கேமராவைப் பார்த்துக் கண்ணைத் துடைத்தார். “தங்கச்சி! அந்த அயோக்கியன்கூட நீ ஏம்மா இருக்கணும்? இப்பவே பெட்டியக் கட்டு. உனக்கு இந்த அண்ணன் இருக்கேன்!”

மண்டபம் அதிர்ந்தது.

ஒரு மணி நேரம் கழித்து அவரே போன் செய்தார். “கடைசி மனுவுல அள்ளிட்ட ஏட்டி! எப்படித்தான் கற்பனை பண்ணுதியோ!”

“நான் கற்பனையா எழுதுனது பத்தொன்பதுதான்” என்றாள் பியூலா. “பெட்டியக் கட்டி பஸ்ஸுல ஏறிட்டேன். ஊரறியச் சொன்ன வாக்கக் காப்பாத்துங்க, அண்ணே!”