உப்பு பார்க்க மட்டும்

கழுவிய பருப்பை அவள் மறுபடியும் கழுவினாள்.

முன்னறையில் நாத்தனார் துளசிமணி வந்து உட்கார்ந்திருந்தாள். சோபாவின் நுனியில். ஆறு வருடம் கழித்து.

கொடுத்த தண்ணீரைத் தொடவில்லை. மடியில் மகனின் கல்யாணப் பத்திரிகை. புருஷனும் பெண்சாதியும் சேர்ந்து நின்று வாங்க வேண்டும், அதுதான் முறை. துளசிமணியின் தம்பி, இவள் கணவன், வேலையிலிருந்து வந்துகொண்டிருந்தான். வழியில் நெரிசலாம். அரை மணி நேரம் ஆகுமாம்.

அந்த அரை மணி நேரம்தான் அவளிடம் இருந்தது.

ஆறு வருடத்துக்கு முன்னால் மகளின் காதுகுத்து விருந்து. முதல் பந்தியில், இலைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்ட நாத்தனாரின் கணவரை அவள் எழுப்பிவிட்டாள். பஸ்ஸுக்கு அவசரப்பட்ட தன் பெரியப்பாவுக்கு ஓர் இடம் வேண்டியிருந்தது. நம்ம மாமாதானே என்று உரிமையோடுதான் கேட்டாள். வீட்டு மாப்பிள்ளையை இலையிலிருந்து எழுப்புவார்களா என்று பத்துப் பேர் கேட்ட பிறகுதான் செய்தது உறைத்தது.

இனி உன் வீட்டில் ஒரு வாய் சோறு சாப்பிட மாட்டேன். சொல்லிவிட்டுப் போனவள் துளசிமணி.

இன்றும் சாப்பிடாமல் போனால், அந்தக் கல்யாணத்துக்கு இவர்கள் போவதும் ஊரார் போவதும் ஒன்றுதான்.

வீட்டில் காய் இல்லை. கடைக்கு ஓட நேரமில்லை. அரிசி இருந்தது, துவரம்பருப்பு இருந்தது, ஒரு பிடி சின்ன வெங்காயமும் இரண்டு தக்காளியும் இருந்தன.

அரிசிம்பருப்புச் சோறு.

அதுவும் துளசிமணி கற்றுக்கொடுத்ததுதான். கல்யாணமாகி வந்த புதிதில் அவளுக்கு வெந்நீர் வைக்கத் தெரியும், அவ்வளவுதான். இரண்டு டம்ளர் அரிசி, முக்கால் டம்ளர் பருப்பு, எட்டு டம்ளர் தண்ணீர் என்று விரல் மடக்கிச் சொல்லிக்கொடுத்தாள். குக்கரை மூடும் முன் தண்ணீரில் உப்பு பார்க்க வேண்டும். ஆக்குகிறவள் நாக்கை நம்பக் கூடாது, இன்னொருத்தர் பார்க்க வேண்டும் என்பாள்.

வெங்காயம் கருகப் பார்த்தது. தக்காளியை அள்ளிப் போட்டாள். மஞ்சள்தூள் போட்டோமா என்று சந்தேகம். மறுபடி போட்டாள். தண்ணீர் கொதித்தது.

கரண்டியோடு நின்றாள். முன்னறைக்குப் போகவும் பயம், போகாமல் இருக்கவும் பயம்.

"நங்கையா, உப்பு மட்டும் பாத்துச் சொல்லுங்க."

நாத்தனாரை அப்படிக் கூப்பிட்டு ஆறு வருடம் ஆகியிருந்தது.

பிறகு வளையல் சத்தம் கேட்டது. துளசிமணி வந்து உள்ளங்கையை நீட்டினாள். சொட்டு விட்டதை நக்கிப் பார்த்தாள். சரி என்பதுபோல் தலையை ஆட்டினாள். ஆனால் திரும்பிப் போகவில்லை. நிலையில் சாய்ந்து நின்றுகொண்டாள்.

மூன்று விசில். ஆவி அடங்கவே மாட்டேன் என்றது. அவள் கரண்டிக் காம்பால் வெயிட்டைத் தூக்கிவிட்டாள். நாத்தனார் உச்சுக் கொட்டினாள்.

திறந்து நெய் விட்டாள். வாசனைக்கு வந்து நின்ற மகளுக்கு ஒரு தட்டில் போட்டுக் கொடுத்தாள். வெந்த பிறகு உப்பு மாறியிருக்கும் என்று பொதுவாகச் சொல்லி, நாத்தனாரின் உள்ளங்கையில் ஒரு சின்னக் கவளம் வைத்தாள்.

துளசிமணி ஊதி ஊதித் தின்றாள். சுவரைப் பார்த்தாள்.

"பத்தல, அம்மிணி."

உப்பு சரியாகத்தான் இருந்தது. கொஞ்சம் குறைந்தாலும் வீட்டை இரண்டாக்குகிற மகள் வாயைத் திறக்காமல் தின்றுகொண்டிருந்தாள்.

அவள் உப்பு டப்பாவை எடுத்தாள். மூடியைத் திறக்காமலே குக்கருக்கு மேல் ஓர் ஆட்டு ஆட்டினாள். கிளறினாள். இன்னொரு கவளம் வைத்தாள்.

துளசிமணி அந்த மூடியைப் பார்த்தாள். கவளத்தைத் தின்றாள்.

இன்னும் பத்தவில்லை என்றாள்.

அடுத்த கவளம் பெரியது. அதற்கடுத்தது அதைவிடப் பெரியது. மாமாவை எழுப்பினது தப்புதான் என்று சொல்ல அவளுக்கு வாய் வந்தது. சொன்னால் அழுதுவிடுவாள். டப்பாவை ஆட்டினாள்.

வாசலில் பைக் நின்றது.

துளசிமணி அவசரமாகக் கையைக் கழுவிக்கொண்டு ஓடி, சோபா நுனியில் உட்கார்ந்தாள். தம்பி வந்தான். இருவரும் சேர்ந்து நின்று பத்திரிகை வாங்கினார்கள். ஒரு வாய் சாப்பிட்டுப் போகலாமே அக்கா என்று அவன் தயங்கித் தயங்கிக் கேட்டான். சொன்னது சொன்னதுதான், இந்த வீட்டில் சாப்பிட மாட்டேன் என்றாள் அக்கா. முகவாயில் ஒரு பருப்பு ஒட்டியிருந்தது.

ஆனால் எழுந்திருக்கவில்லை.

அவள் சமையலறைக்குப் போனாள். குக்கரில் அடி தெரிந்தது. கழுவி அடுப்பில் வைத்து, அரிசி அளந்தாள்.

இந்த முறை நான்கு டம்ளர்.