பெயரைப் போட்டே ஆகணும்!

என் ரூம்மேட்டுக்கு நடந்தது பச்சை அநியாயம். வெப்சைட் கட்டுகிற ஒரு மென்பொருளில் பாதுகாப்பு ஓட்டையைக் கண்டுபிடித்தது அவள்; அப்டேட் அறிவிப்பில் அவள் பெயரே இல்லை.

ஆயிரக்கணக்கான வெப்சைட்டுகள் அந்த ஜாவாஸ்கிரிப்ட் ஃப்ரேம்வொர்க்கின் மேல்தான் நிற்கின்றன, எங்கள் பல்கலைக்கழக நூலகத்தின் சைட் உட்பட. சம்பளம் வாங்காத ஆர்வலர்கள் எழுதுவது. நானே இரண்டாம் வருடத்தில், பக்கங்கள் சட்டென்று திறக்கும்படி பதினோரு வரி எழுதிக் கொடுத்திருக்கிறேன். அவர்களுடைய நன்றிக் கடிதம் என் கட்டிலுக்கு மேலே சுவரில் ஒட்டியிருக்கிறது. ஆக, கேள்வி கேட்க எனக்கு உரிமை உண்டு.

போன மாதம் லேபில் நூலக சைட்டிலிருந்து லாக்அவுட் செய்துவிட்டு எழுந்தேன். அதே நாற்காலியில் பூனை உட்கார்ந்தாள். நடக்கிற சத்தமே கேட்காது, அதனால் என் ரூம்மேட் பூனை. சைட்டைத் திறந்தால் என் பக்கம் விரிகிறது. நான் எடுத்த ஏழு காதல் நாவல்களும் வரிசையாக!

"காதல் நாவல் படிக்கிறவளுக்கு மூளையே கிடையாதுன்னு சாப்பாட்டு மேசையில சொற்பொழிவு ஆத்தினது யாருடி?"

"அதெல்லாம் ஆராய்ச்சிக்கு!"

"ஏழுமா?"

சிரித்து முடித்ததும் நகம் கடித்தாள். "லாக்அவுட் பண்ணியும் காட்டுதே. இதுவே ஆஸ்பத்திரி சைட்டா இருந்தா?"

மூன்று நாள் குடைந்து பிடித்துவிட்டாள். எங்கே ஓட்டை என்று கேட்டால், "அடைக்கிற வரைக்கும் யாருக்கும் சொல்லக்கூடாது" என்றாள். அந்த ஆர்வலர்களுக்கு மட்டும் ரகசியமாகத் தெரிவித்தாள். அவர்களும் அடைத்து அப்டேட் விட்டார்கள்.

அறிவிப்பில் வழக்கமாக இரண்டு பெயர் இருக்கும். ஓட்டையைக் கண்டுபிடித்தவர், பக்கத்திலேயே, ஓட்டையான வரியை எழுதியவர். இந்த முறை இரண்டும் காலி!

"பூனை, வெள்ளிக்கிழமை உனக்கு மேல்படிப்பு இன்டர்வியூ. அந்த அறிவிப்பைக் காட்டினா சீட் உனக்குத்தான். விடுவேனா நான்?"

"விட்டுடேன். டீ ஆறுது, குடி."

"எவனோ பெரிய தலை எழுதின வரியா இருக்கும். அவன் மானத்தைக் காப்பாத்த உன் பேரையும் சேர்த்து முழுங்கிட்டானுங்க."

"பெரிய தலையெல்லாம் இல்ல தாயே. தலைக்கனம் வேணா கொஞ்சம் இருக்கும்."

"உன்னை மாதிரி ஆளுங்க சும்மா இருக்கிறதாலதான் இந்த உலகம் இப்படி இருக்கு!"

தலையணையை வீசினாள். குனிந்துகொண்டே டைப் அடித்தேன். எல்லோரும் பார்க்கிற அவர்களுடைய பொதுப் பக்கத்திலேயே போட்டேன்.

'கண்டுபிடித்தவளின் பெயரைப் போடுங்கள். ஓட்டை போட்ட புண்ணியவானின் பெயரையும் போடுங்கள். வெள்ளிக்கிழமைக்குள்! அவரைப் பொத்திப் பாதுகாப்பது யார் என்பதும் தெரிந்தாக வேண்டும்.'

சாயங்காலத்துக்குள் நூற்றிருபது பேர் லைக் போட்டிருந்தார்கள். நான் கட்டில்மேல் ஏறி ஒரு குத்தாட்டம் போட்டேன். சுவரில் இருந்த கடிதம்கூட ஒரு மூலை பிய்ந்து ஆடியது. பூனை தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள்.

"போதும்டி, இறங்கு. நாளைக்கு அழப்போற."

"அழப்போறது அந்தப் புண்ணியவான்!"

வியாழன் மதியம் பதில் வந்தது. பொதுப் பக்கத்தில் இல்லை. எனக்கு மட்டும், மெயிலில். பயந்துவிட்டார்கள்! பூனையை இழுத்து உட்காரவைத்து, சத்தமாகப் படித்தேன்.

'அன்புள்ள சகோதரிக்கு,

போட்டால் இரண்டு பெயரும் போடுவோம், இல்லையென்றால் ஒன்றும் போடமாட்டோம். அதுதான் எங்கள் வழக்கம். கண்டுபிடித்தவரிடம் கேட்டோம். "ரெண்டுமே வேண்டாம். அந்தப் பதினோரு வரியை எழுதினவ என் ரூம்மேட். வாய்தான் நீளம், தாங்கமாட்டா" என்று எழுதினார். பொத்திப் பாதுகாத்தது அவர்தான்.

இப்போது நீங்களே கேட்டுவிட்டதால், அவர் என்ன சொன்னாலும் சரி, இரண்டையும் இன்றே போட்டுவிடலாம். ஒரே ஒரு சந்தேகம்: உங்கள் பெயருக்கு இனிஷியல் முன்னால் வருமா, பின்னால் வருமா?'