தள்ளினது ஆர்?

“அந்தப் பேரைச் சொல்லாமல் இண்டைக்கு ஒருத்தரும் கதிரையை விட்டு எழும்பேலாது!” என்று மேசையில் தட்டினான் ஸ்ரீபன்.

முல்லைத்தீவுக் கரையில், மாதா கோயில் மண்டபத்தில், தென்மேற்குக் காற்றின் பெயர் கொண்ட ‘சோளகம்’ சங்கத்தின் கூட்டம். கடலுக்குப் போகிறவர்களுக்குக் காற்றின் போக்கைச் சொல்லும் இலவசச் செயலி அவர்களுடையது. அதன் நிரல் ஊருக்கே பொது. எவரும் திறந்து பார்க்கலாம், திருத்தியும் அனுப்பலாம். வந்த திருத்தத்தை ஏற்பதா தள்ளுவதா என்று முடிவெடுப்பவர் யார் என்பது மட்டும் பரம இரகசியம்.

ஸ்ரீபன் மழைக்காலம் முழுக்க மினக்கெட்டு ஒரு திருத்தம் செய்தான். காற்று எழும்பினால் போதும், ‘கரைக்கு வாங்கோ, கெதியா வாங்கோ’ என்று போனில் அவன் குரலே கூப்பிடும்.

அதைத் தள்ளிவிட்டார்கள். ‘இந்தக் குரல் கேட்டு அலுத்துப்போச்சு’ என்று ஒரே வரியில் பதில்.

“ஒருத்தரும் இன்னும் கேட்காத குரல் எப்பிடி அண்ணை அலுக்கும்? ஆருக்கோ என்னில எரிச்சல்!”

தலைவர் வின்சன் இழுத்தார். “தம்பி, இஞ்ச எல்லாரும் ஆளுக்காள் சொந்தம். தள்ளினது ஆரெண்டு தெரிஞ்சால் கலியாண வீட்டிலயும் முகம் பாராயினம். அதுக்குத்தான் மறைச்சனாங்கள்.”

“நிரல் திறந்து கிடக்கு, நிருவாகம் ஏன் பூட்டிக் கிடக்கு? பேரும் வேணும், காரணமும் வேணும். எல்லாருக்கும் முன்னால!”

பக்கத்தில் இருந்த அவன் மனைவி டிலுசா, சட்டையைப் பிடித்து இழுத்தாள். “இஞ்சாருங்கோ, விடுங்கோ. வீட்ட போவம்.”

“நீர் சும்மா இரும். பள்ளிக்கூடத்தில கணினி படிப்பிக்கிற மாதிரியில்லை இது. உமக்குச் சங்க விசயம் விளங்காது.”

கைதட்டல் எழுந்தது. ஸ்ரீபனின் தீர்மானத்துக்கு மண்டபமே கை உயர்த்தியது, டிலுசாவைத் தவிர.

“புருசனுக்கு ஒரு கை தூக்கேலாதோ?” என்று முறைத்தான்.

வின்சன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மெதுவாக மாட்டினார். “சரி, சபை கேட்டுட்டுது. எழும்பி நீங்களே காரணத்தைச் சொல்லுங்கோ, பிள்ளை.”

டிலுசா எழும்பினாள்.

“கலியாணம் முடிச்ச நாளில இருந்து அந்தக் குரலை நான் கேட்கிறதே போதும். கடலிலயாவது அந்தச் சனம் நிம்மதியா இருக்கட்டும். இது முதல் காரணம். ரெண்டாவது...”

“வின்சன் அண்ணை!” என்று பாய்ந்து எழும்பினான் ஸ்ரீபன். “முதல்ல அந்தக் கதவைச் சாத்துங்கோ!”